ஆபத்து வேளையில் மட்டும் திறக்கும் அலுவலகக் கதவுகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைச் சின்னாபின்னமாக்கி 600இற்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்ட நாட்களில், இளம் மென்பொருள் பொறியியலாளர்கள் பலர் எவரது அழைப்புக்கும் காத்திராமல் கணினிகளின் முன் அமர்ந்தனர். வெள்ளத்தில் சிக்கியோரையும் உதவ முன்வந்தோரையும் இணைக்கும் இணையத்தளங்கள் மிகக் குறுகிய நேரத்தில் இயங்கத் தொடங்கின. இதனை அறிந்தபோது எமக்கு மகிழ்ச்சியோடு ஒருவிதச் சலிப்பும் ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை. ஏனெனில் இதே காட்சியை இந்நாடு ஏற்கனவே ஒரு முறை கண்டிருக்கின்றது. அன்று தொண்டர்கள் கட்டியெழுப்பியதை அரச இயந்திரம் பேணிக் காத்திருந்தால், இம்முறை அத்திவாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய தேவை எழுந்திராது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதிக்குப் பிந்திய நாட்களை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்முனை, மருதமுனை தொடக்கம் முல்லைத்தீவு வரையான கரையோரங்களில் பாடசாலைச் சுவர்களிலும் பள்ளிவாசல், கோயில், தேவாலய முன்றல்களிலும் கையால் எழுதிய பெயர்ப்பட்டியல்கள் ஒட்டப்பட்டிருந்தன. தாய் ஒரு முகாமில், பிள்ளை இன்னொரு முகாமில். ஒரு முகாமின் வாசலில் மூன்று நிறுவனங்களின் லொறிகள் ஒரே பொருளை இறக்கிக்கொண்டிருக்க, அடுத்த முகாமில் குழந்தைகளுக்குப் பால்மா இல்லை. பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்த காணாமற்போனோர் பட்டியல்களில் ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. அது ஒருவரா நால்வரா என்பதைச் சொல்ல எவராலும் முடியவில்லை. உதவிகள் வந்து குவிந்தன. ஆனால், எவரிடம் என்ன இருக்கின்றது, எங்கே எது தேவை என்ற தகவல்தான் இல்லாதிருந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தது அரச திணைக்களம் ஒன்றல்ல. சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் முன்னின்று 2003இல் ஆரம்பித்த லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற சிறிய அமைப்பைச் சுற்றித் திரண்ட தொண்டர்களே ஒரு சில வாரங்களுக்குள் ‘சஹன’ என்ற மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, நிவாரண நிறுவனங்களின் பதிவு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்திப் பார்க்கும் ஏற்பாடு ஆகியன அதில் அடங்கியிருந்தன. அதன் மூலநிரல் ஆரம்பம் முதலே உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. எவரும் அதனை இலவசமாகப் பெறலாம், திருத்தலாம், தமது மொழிக்கு மாற்றலாம். ஜனாதிபதி செயலகத்தின் கீழ் அவசரமாக அமைக்கப்பட்ட தேசிய செயற்பாட்டு மையம் அதனைப் பயன்படுத்தியது.

அதன் பின்னர் நிகழ்ந்ததே எமது ஆய்வுக்குரிய விடயம். அந்த மையம் குறுகிய காலத்திலேயே கலைக்கப்பட்டது. புதிய அமைப்புகள் வந்தன, புதிய தலைவர்கள் வந்தனர், மையத்தோடு சேர்ந்து அந்தப் பாவனையும் ஓய்ந்தது. சஹனவோ கடல் கடந்தது. 2005 ஒக்டோபரில் காஷ்மீரப் பிரதேசத்தை உலுக்கிய பூமியதிர்ச்சியின்போது பாகிஸ்தானின் தேசிய தரவுத்தள, பதிவு அதிகாரசபை அதனைப் பயன்படுத்தியது. 2006இல் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டே மண்சரிவு, அதே ஆண்டில் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சி, 2010இல் ஹெய்ட்டி என அதன் பயணம் நீண்டது. சுயாதீன மென்பொருள் இயக்கத்தின் தாய் அமைப்பான அமெரிக்காவின் ஃப்ரீ சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் சமூகப் பயன்பாட்டுக்கான தனது 2006ஆம் ஆண்டின் விருதை அதற்கே வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் அவ்விருதைப் பெற்றது விக்கிபீடியா என்றால் அதன் பெறுமதி வாசகர்களுக்குப் புரியும். 2009இல் சஹனவை நிர்வகிக்கும் அமைப்பு அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்டது. எமது கரையோரத்தின் கண்ணீரில் பிறந்த பிள்ளை தத்துக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றே சொல்லவேண்டும்.

இதற்கு எந்தவோர் அதிகாரியையும் குற்றஞ்சாட்டுவது இலகு. ஆனால் அது நியாயமாகாது. ஓர் அரச அலுவலகம் வெளியிலிருந்து வரும் புதிய கருவி ஒன்றை ஏற்று வைத்திருக்க வேண்டுமாயின் அதற்கென ஒரு பதவி வேண்டும், வரவு செலவுத்திட்ட ஒதுக்கீட்டில் ஒரு வரி வேண்டும், பழுதானால் கேட்பதற்கு ஒரு பெயர் வேண்டும். விலை இல்லாத பொருளுக்குக் கேள்விப்பத்திரம் கோர முடியாது. கேள்விப்பத்திரம் இல்லாத பொருளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் இடமில்லாத தொண்டர், அவசரகாலம் முடிந்ததும் வாயிற்காவலரிடம் அனுமதி கேட்டு நிற்கும் அந்நியராகிவிடுகின்றார். பயிற்றப்பட்ட ஓரிரு உத்தியோகத்தர்களும் அடுத்த வருடாந்த இடமாற்றத்தில் வேறு திணைக்களத்துக்குச் சென்றுவிடுகின்றனர். இந்த நிலையில் எந்தத் தொழில்நுட்பமும் வேரூன்றப்போவதில்லை.

அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்புரோ 2003இல் வெளியிட்ட தமது நூலின் மூலம் ‘திறந்த புத்தாக்கம்’ என்ற சொற்றொடரைப் பிரபலப்படுத்தினார். தேவையான அறிவு அனைத்தும் தனது மதிற்சுவருக்குள்ளேயே இருப்பதாக ஒரு நிறுவனம் எண்ணக்கூடாது, வெளியே விளைவதை உள்ளெடுக்கவும் உள்ளே விளைந்ததை வெளிவிடவும் அது பழக வேண்டும் என்பதே அதன் சாரம். அவர் பெரும்பாலும் பெருங்கொம்பனிகளை மனதிற்கொண்டே எழுதினார். ஆயினும் இக்கருத்து எமது அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் பொருந்தாது என்று சொல்வதற்குக் காரணம் ஏதுமில்லை. வெளியே விளைவதற்கு இங்கு பஞ்சமிருக்கவில்லை. திறந்த மூலநிரல் திட்டங்களில் மாணவர்களைப் பங்கேற்கச் செய்யும் கூகுள் நிறுவனத்தின் கோடைகாலத் திட்டத்தில், 2005 தொடக்கம் முதல் 10 ஆண்டுகளில் உலகிலேயே கூடுதலான மாணவர்களை இணைத்த பல்கலைக்கழகம் எமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம்தான். கொழும்பில் 2005இல் சஞ்சீவ வீரவரண இணைந்து நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற திறந்த மூலநிரல் நிறுவனம் 2024இல் 600 மில்லியன் டொலருக்கும் அதிகமான பெறுமதியில் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமொன்றுக்குக் கைமாறியது. விளைச்சல் இருந்தது. களஞ்சியம் தான் இல்லை.

ஆயினும் களஞ்சியம் கட்டிய ஓர் இடம் உண்டு. அதுவும் அரச துறையிலேயே உண்டு என்பது ஆறுதலான செய்தி.

தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னர், கறுப்பின மக்களின் பிரதேசங்களுக்கும் சமமான சுகாதாரத் தகவல் கட்டமைப்பை ஏற்படுத்தும் முயற்சியில் பிறந்து, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தினால் வளர்த்தெடுக்கப்பட்டது டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூலநிரல் மென்பொருள். இலங்கைச் சுகாதார அமைச்சு அதனைப் பெற்றுப் பயன்படுத்தியது மட்டும் முக்கியமல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் 2010ஆம் ஆண்டளவில் மருத்துவத் தகவலியல் முதுமாணிக் கற்கைநெறி தொடங்கப்பட்டது. அதற்கு நோர்வேயின் ஆதரவும் கிடைத்தது. நோயாளியையும் அறிந்து நிரலையும் அறிந்த மருத்துவர்கள் ஆண்டுதோறும் அதிலிருந்து வெளியேறி, அமைச்சுக்குள்ளேயே பதவி பெற்றனர். சஹனவுக்கு வாய்க்காதது இதுதான். அங்கே அறிந்தவர்கள் வெளியே நின்றனர். இங்கே உள்ளே இருந்தனர்.

2020 ஜனவரி 27ஆம் திகதி நாட்டின் முதலாவது கொவிட் நோயாளியாகச் சீன உல்லாசப் பயணி ஒருவர் அடையாளம் காணப்பட்டார். விமான நிலையத்தால் உள்நுழைவோரைப் பதிந்து தொடர்ந்து கண்காணிக்கும் கட்டமைப்பு ஒன்று, அதே மென்பொருளைக் கொண்டு சில தினங்களில் தயாராகிவிட்டது. மார்ச் மாதத்தில் தொண்டர் மென்பொருளாளர்களும் அதில் கைகோர்த்தனர். இலங்கையின் வடிவமைப்பைப் பின்பற்றி ஒஸ்லோ பல்கலைக்கழகம் வெளியிட்ட பொதுத் தொகுதியை 40இற்கும் மேற்பட்ட நாடுகள் எடுத்துக்கொண்டன. மென்பொருளின் தாயகமாகிய நோர்வேயிலேயே பல உள்ளூராட்சி சபைகள் தொற்றாளரின் தொடர்புகளைத் தேட அதனைப் பயன்படுத்தின. கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டு போன அரிய சந்தர்ப்பம் இது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பதிவு செய்யாவிட்டால் நாம் கடமை தவறியவர்களாவோம். வெளியுலகின் மென்பொருளுக்கு இவ்வளவு விரைவாகக் கதவு திறந்த அதே சுகாதாரத் துறை, அடக்கம் செய்வதையும் அனுமதிக்கலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலுக்கு அக்கதவை இறுக மூடிக்கொண்டது. 2020 ஏப்ரல் தொடக்கம் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. அதற்காக அரசாங்கம் மன்னிப்புக் கோர 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வரும் நிரலை ஏற்பதும் வெளியிலிருந்து வரும் நியாயத்தை ஏற்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. கணினிக் கட்டமைப்பின் வெற்றியைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

மறுபுறத்தில், காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருள் பாதுகாப்பானது என்ற எண்ணமும் அரச வட்டாரங்களில் நிலவுகின்றது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் முகிற்கணினிச் சேவை மீது கப்பம் கோரும் தீங்குநிரல் தாக்குதல் நடத்தப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புக்குள்ளாயின. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாதவாறு இழக்கப்பட்டன. அங்கே இயங்கிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை அந்நிறுவனமே அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் யோசனை 2021 முதலே இருந்தும் நிதி உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனதாக விளக்கமளிக்கப்பட்டது. திறந்த மென்பொருளாயினும் கவனிப்பாரற்றுக் கிடந்தால் இதே கதிதான் நேரும். திறந்ததா மூடியதா என்பதைவிட, அதனைத் தன்னுடையதாகக் கருதிப் பேணுவோர் உள்ளே இருக்கின்றனரா என்பதே கேள்வி.

மீண்டும் டித்வாவுக்கு வருவோம். அந்நாட்களில் அபாய எச்சரிக்கைகளும் அறிவித்தல்களும் பல சந்தர்ப்பங்களில் தமிழில் வெளியாகவில்லை அல்லது தாமதமாகவே வெளியாகின என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மண்சரிவு மிக மோசமாகத் தாக்கிய கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். லயன் அறையில் இரவைக் கழிக்கும் குடும்பத்துக்கு வேற்றுமொழியில் வரும் எச்சரிக்கையும் எச்சரிக்கை வராமையும் ஒன்றேதான். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி நாற்பது ஆண்டுகள் நெருங்குகின்றன.

இது தொழில்நுட்பத்தின் குறையல்ல. யூனிகோட் முறையில் தமிழை எழுதுவது எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. 2005இல் தொண்டர்களால் ஆரம்பிக்கப்பட்ட ‘நூலகம்’ திட்டம், எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் சாம்பலை நினைவில் சுமந்தவர்களால், விக்கிபீடியா இயங்கும் அதே இலவச மென்பொருளைக் கொண்டு, பல்லாயிரம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எவரும் வாசிக்கத்தக்கதாக இணையத்தில் வைத்திருக்கின்றது. மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கின்றனர், மென்பொருளும் இருக்கின்றது. எச்சரிக்கையைத் தயாரிக்கும் மேசையில் அவர்களுக்கு இருக்கை இல்லை. தமிழ் என்பது கடைசியில் ஒட்டப்படும் முத்திரையாகவே கருதப்படுகின்றது. முதல் வரைபிலேயே மூன்று மொழிகளுக்கும் இடம் ஒதுக்காத கட்டமைப்பு, அவசரத்தில் ஒரு மொழியில் மாத்திரமே பேசும்.

இந்தியாவின் உதவியுடன் நடைமுறைப்படுத்தப்படும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தை நாம் இந்தப் பின்னணியிலேயே நோக்குகின்றோம். 2022 மார்ச்சில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தான இத்திட்டத்துக்கு அடிப்படையாகத் தெரிவு செய்யப்பட்ட மொசிப் என்ற தளமும் திறந்த மூலநிரலைக் கொண்டது. பெங்களூரில் வளர்க்கப்பட்டு, பிலிப்பைன்ஸ், மொரோக்கோ, எத்தியோப்பியா ஆகிய நாடுகள் கைக்கொண்டது. நிரல் திறந்திருப்பது நல்லது. அதனை எவரும் பரிசீலிக்கலாம். ஆனால் பரிசீலிக்கத் தெரிந்தவர் இங்கு இல்லாவிடின், திறந்த கதவும் சுவரும் ஒன்றுதான். தவிர, நிரல் திறந்திருக்க வேண்டிய அளவுக்கு மக்களின் விபரங்கள் மூடப்பட்டிருக்கவும் வேண்டும். கண்காணிப்பின் கீழ் நீண்டகாலம் வாழ்ந்த வடக்கு, கிழக்கு மக்களும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் ஒரு சமூகமாகவே சந்தேகிக்கப்பட்ட முஸ்லிம்களும், தமது கைரேகையும் கண்ணின் பதிவும் எந்த மேசைக்குச் செல்லும் என்று கேட்பது இயல்பே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்குரிய பதிலைத் தாளில் தருகின்றது.

சிங்களத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்பட்டதால் உருக்குலைந்த தமது பெயரைத் திருத்துவதற்காகப் பிரதேச செயலகங்களுக்கு அலைந்தவர்கள் எமது வாசகர்களில் ஏராளம். புதிய கட்டமைப்பில் பெயர் முதலில் எந்த மொழியில் பதியப்படும், தவறு நேர்ந்தால் அதனைத் திருத்தும் அதிகாரம் எந்த அலுவலகத்திடம் இருக்கும், நிரலைப் பராமரிக்கும் நிரந்தர ஆளணியில் தமிழில் பணியாற்றக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளையும், அட்டை அச்சாவதற்கு முன்னர், எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றிச் சபையில் எழுப்பி எழுத்து மூலமான பதிலைப் பெறவேண்டும்.