காலா வேறு... சால்மன் வேறு!

மீன் விற்கும் ஆப்பைத் திறந்தால் ‘இந்தியன் சால்மன்’ என்று ஒரு மீன் வரும். ‘டாக்டர் சால்மன் சாப்பிடச் சொன்னாரே’ என்று உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அது நம்ம காலா மீன்! அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் மீனை வாங்கிப் பழகிய பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. மும்பையில் இதே மீனுக்கு ‘ராவஸ்’ என்று பெயர், வங்காளத்தில் ‘குர்ஜாலி’.

காலாவுக்கும் சால்மனுக்கும் உறவே கிடையாது. குடும்பமே வேறு. சால்மன் குளிர்ப் பிரதேசத்து மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே திரும்பும்.

பசிபிக் கடலில் இருக்கும் சால்மன்களிலேயே பெரியது ‘சினூக்’. அமெரிக்காவின் கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர் அது. 1985-ல் அலாஸ்காவின் கெனாய் ஆற்றில் தூண்டிலில் சிக்கிய சினூக் ஒன்றின் எடை சுமார் 44 கிலோ!

அதற்கும் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. அலாஸ்காவில் ‘கிங்’, கனடாவின் மேற்குக் கரையில் ‘ஸ்பிரிங்’, நியூசிலாந்தில் ‘குயினட்’. ஈறு கறுப்பாக இருப்பதால் ‘பிளாக்மவுத்’ என்றும் சொல்வார்கள். 30 பவுண்டுக்கு மேல் எடை இருந்தால் ‘டையீ’. அப்படியென்றால் தலைவர்!

ஒரே மீனுக்குப் பல பெயர் இருந்தால் பரவாயில்லை. இரண்டு மீனுக்கு ஒரே பெயர் வரும்போதுதான் நம் பர்ஸுக்குச் சிக்கல். எப்படிக் கண்டுபிடிப்பது?

* காலாவின் சதை வெள்ளை. சால்மன் சதை பெரும்பாலும் ஆரஞ்சு நிறம்.

* முழு மீனாக இருந்தால் பக்கத்துடுப்புக்குக் கீழே பாருங்கள். பக்கத்துக்கு நான்கு மெல்லிய இழைகள் நூல் மாதிரி தொங்கினால், அது காலா.

* துண்டு போட்ட பாக்கெட் என்றால், ‘இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் சால்மன் விலை கொடுக்காதீர்கள்.

காலா மட்டமான மீன் என்று அர்த்தம் இல்லை. முள் தொல்லை குறைவு. குழம்புக்கும் வறுவலுக்கும் அருமை. ஆனால், டாக்டர் சால்மனைச் சொன்னது ஒமேகா-3 கொழுப்புக்காக என்றால், காலாவைவிட மத்தியும் கானாங்கெளுத்தியும்தான் சரியான மாற்று. சால்மனோடு ஒப்பிட்டால் விலையும் ரொம்பக் குறைவு. அடுத்த முறை டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள்: “சால்மனுக்குப் பதிலா மத்தி சாப்பிடலாமா, டாக்டர்?”