அபராதத்துக்கு ஒளிவதா?

வாசலில் அதிகாரி வந்து நின்றால் பால்மரக் காட்டுக்குள் ஓடி மறையும் வழக்கம் நம் தோழர்களிடம் இன்னும் போகவில்லை. பத்துமலை வட்டாரத் தோழர் ஒருவர் நீதிமன்றத்து மலாய்க் கடிதத்தைச் சாமிப்படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தார். கிராணியிடம் காட்ட வெட்கமாம்! மறுமுறை வந்தது வாரண்டு. கிராணிகளாகிய நம்மீதும் குற்றமுண்டு. “நாளைக்கு வா” என்று எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறோம்?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவு அவகாசம் கேட்கவும், தவணையாய்க் கட்டவும் இடந்தருகிறது. தருவது மாஜிஸ்திரேட்டின் விருப்பம். ஆனால் கேளாதவனுக்கு யார் தருவார்? மழையால் வெட்டு நின்ற மாதத்தின் சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கட்டாதவரின் பொருளை ஜப்தி செய்யவும், அவரைச் சிறையிலடைக்கவும் அதே பிரிவுதான் வழிசெய்கிறது. அபராதம் கட்டாததற்காகச் சிறை சென்றவர், பணத்தைக் கட்டியதும் வெளியே வரலாம். ஒரு பகுதி கட்டினால் அந்த அளவுக்கு நாள் குறையும். இதை அறியாத குடும்பங்கள் எத்தனை!

வருகிறவரிடம் அதிகார அட்டையையும் வாரண்டையும் காட்டச் சொல்லுங்கள். அவர் கையில் பணம் கொடுக்க வேண்டாம். நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். மலாய்க் கடிதம் எதுவாயினும், வந்த அன்றே கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள்.