வத்தகையும் குருதிப் பரிசோதனையும்

கோடை பிறந்ததும் ஏ-9 வீதியோரத்தில் வத்தகைப்பழங்கள் குவிகின்றன. பனையோலையில் பொதிந்த வெள்ளரிப்பழமும் கூடவே வருகிறது. அதே கிழமைகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா கிளினிக்குகளில் கேள்வியும் வந்துவிடுகிறது: “வத்தகை சாப்பிடலாமோ?” நாம் கொடுக்கும் பதில் இரண்டில் ஒன்று. “நல்லது, சாப்பிடுங்கோ” என்கிறோம். அல்லது “சீனி கூடும், தொடாதேங்கோ” என்கிறோம். கேட்பவர் யார், எவ்வளவு சாப்பிடப் போகிறார், எந்தப் பழத்தைச் சொல்கிறார் என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியின் பெயர் கூப்பிடப்படுகிறது.

பழத்திலிருந்தே தொடங்குவோம். 100 கிராம் வத்தகைச் சதையில் ஏறத்தாழ 91 கிராம் தண்ணீர். சக்தி 30 கிலோகலோரி, மாச்சத்து 7.5 கிராம், விற்றமின் சி 8 மில்லிகிராம். சிவப்பு நிறத்தைக் கொடுக்கும் லைக்கோப்பீன் 4 மில்லிகிராமுக்கு மேல். சமைக்காத தக்காளியில்கூட இவ்வளவு இல்லை. செம்மஞ்சள் சதையுள்ள முலாம்பழத்தில் விற்றமின் சி 37 மில்லிகிராம், பீற்றா கரோட்டின் 2 மில்லிகிராம். துண்டுப் பிரசுரங்களில் இந்த முலாம்பழத்தின் கணக்குத்தான் பொதுவாக அச்சாகிறது. நம் சந்தைக்கு வரும் வெள்ளரிப்பழமும் அதே இனம்தான், ஆனால் சதை வெளிறியது, மாப்போல உதிர்வது, இனிப்பும் குறைந்தது. செம்மஞ்சள் நிறமில்லாத சதையில் கரோட்டினைத் தேடிப் பயனில்லை. விற்றமின் ஏ-க்காக ஒரு தாய்க்கு ஆலோசனை சொல்லும் குடும்பநல உத்தியோகத்தர் முருங்கையிலையையும் பப்பாசியையும் காட்டட்டும். வெள்ளரிப்பழத்தைத் தாகம் தீர்க்கும் பழமாகவே விட்டுவிடலாம்.

சீனி வருத்தக்காரருக்கும் இதே கவனம் வேண்டும். வெள்ளரிப்பழத்தை யாரும் வெறுமனே சாப்பிடுவதில்லை. சீனியோ பனங்கட்டியோ போட்டுப் பிசைந்துதான் சாப்பிடுகிறோம். இரண்டு தேக்கரண்டி சீனி சேர்ந்தாலே 100 கிராம் வத்தகையின் முழு மாச்சத்தையும் அது தாண்டிவிடும். வத்தகைக்கு வாய்த்த கெட்ட பெயர் பழைய கிளைசீமிக் சுட்டெண் ஒன்றால் வந்தது: 72. பின்னைய அளவீடுகள் 50-ஐ ஒட்டி நிற்கின்றன. 72 என்றே வைத்துக்கொண்டாலும் 150 கிராம் துண்டில் இருக்கும் மாச்சத்து 11 கிராம்தான்; ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம். மதியம் மூன்று கோப்பைச் சோறு சாப்பிடுபவருக்கு வத்தகையை மட்டும் தடைசெய்வதை உணவு ஆலோசனை என்று நான் சொல்லமாட்டேன்.

‘பிறஷருக்கு நல்லது’ என்ற பேச்சுக்கு அடிப்படை சிற்றுலின். 1914-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வத்தகையிலிருந்தே பிரித்தெடுத்த அமினோ அமிலம் இது. உடலில் ஆர்ஜினீனாக மாறி, குருதிக் குழாய்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டுக்கு வழிசெய்கிறது. ஆனால் குருதியழுத்தம் சற்றுக் குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகள் சிறியவை. அவற்றில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது செறிவூட்டிய சாறு. ஒரு கிராம் சதையில் சிற்றுலின் ஏறக்குறைய 1 முதல் 3 மில்லிகிராம்தான். குளிசையை நிறுத்திவிட்டுப் பழத்தை நம்பியிருக்க இதில் இடமில்லை.

வன்னியில் அதிகம் யோசிக்க வேண்டியது சிறுநீரகத்தைப் பற்றி. வடமத்திய மாகாணத்தில் 1990-களில் இனங்காணப்பட்ட, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியாவையும் முல்லைத்தீவின் சில பகுதிகளையும் தொட்டிருக்கிறது. நோயாளிகளில் பலர் வெயிலில் வயல்வேலை செய்பவர்கள். நீரிழப்பு இந்த நோய்க்கு ஒரு காரணமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை; அதற்காக வெயிலில் நிற்பவரிடம் தண்ணீரும் நீருள்ள பழமும் எடுக்கச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள்: வத்தகையில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். வியர்வையில் போன உப்பை அது திருப்பித் தராது. உப்பிட்ட கஞ்சி தரும்.

நோய் வந்தபின் கணக்கு மாறுகிறது. 100 கிராம் வத்தகையில் பொற்றாசியம் 112 மில்லிகிராம், செம்மஞ்சள் முலாம்பழத்தில் 267. அட்டவணையில் வத்தகை ‘பொற்றாசியம் குறைந்த பழம்’ என்று இருப்பது ஒரு துண்டுக்குச் சரி. ஆனால் அரைப் பழத்தை மடியில் வைத்துக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுபவர் ஒரு கிலோவை எளிதில் கடந்துவிடுவார்; அங்கே 1,100 மில்லிகிராம் ஆகிவிட்டது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் வத்தகையை அளவின்றிச் சாப்பிட்டுக் குருதியில் பொற்றாசியம் ஏறி வைத்தியசாலைக்கு வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. லொசாட்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலக்டோன் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கிட்ட. ஆகவே கிளினிக் கொப்பியில் கிரியேற்றினினை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் பொற்றாசிய அளவையும் பாருங்கள். அது இயல்பாக இருக்கும் ஒருவருக்கு ஒரு துண்டை மறுக்க நியாயமில்லை. ஏறியிருந்தால் எத்தனை துண்டு என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் இதில் வேலை உண்டு. வத்தகையும் முலாம்பழமும் புளிப்பில்லாத பழங்கள். வெட்டிய சதையில் பற்றீரியா தாராளமாகப் பெருகும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையின் முலாம்பழத்தால் பரவிய லிஸ்ரீரியா 33 உயிர்களைப் பறித்தது. மண்ணில் கிடந்த தோலைக் கழுவாமல் வெட்டினால் கத்தியே அழுக்கை உள்ளே இழுத்துச் செல்லும். வீதியோர வியாபாரியிடம் கேட்க வேண்டியவை: பழத்தைக் கழுவ ஓடும் தண்ணீர், வேறெதற்கும் எடுக்காத கத்தி, ஈ மொய்க்காத மூடி. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் வெட்டிய துண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. குளிரூட்டி இல்லாத கடைக்கு எளிய வழி, ஆள் வந்து கேட்டபின் வெட்டிக் கொடுப்பது.