எவ்வளவு குடுக்கும்?

ஷோரூமில் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாதாம். வீடு வந்து சேரும் வரை என் மச்சினன் புலம்பிக்கொண்டே வந்தான். “மாமா, மானத்தை வாங்கிட்டீங்க!”

ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்ட டூரிங் பைக் அது. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் யானை மாதிரி ஷோரூம் நடுவில் நின்றது. விலையில் புறநகரில் ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கலாம். விற்கும் தம்பி அரை மணி நேரம் விளக்கினார். குதிரை சக்தி, டார்க், மழைக்கு ஒரு மோடு, மண்ணுக்கு ஒரு மோடு, குளிரில் கை விறைக்காமலிருக்கச் சூடாகும் ஹேண்டில்பார்... எல்லாம் கேட்டுவிட்டு, “லிட்டருக்கு எவ்வளவு தம்பி குடுக்கும்?” என்றேன்.

அவர் சிரித்தார். “ஸார், இந்த செக்மென்ட்ல யாரும் அதைக் கேக்க மாட்டாங்க.”

மச்சினன் என் காலை மிதித்தான்.

1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்த நாளிலிருந்து இந்த தேசமே கேட்டுவரும் கேள்வி இது. பால் கேன் கட்டி ஓட்டுகிறவரும் கேட்கிறார், பள்ளிக்கூட வாத்தியாரும் கேட்கிறார். ஆனால், லட்சங்களில் வண்டி வாங்கும் ஆசாமி கேட்டால் மட்டும் கெளரவக் குறைச்சலாம்! இந்தப் போலி கெளரவத்தைத்தான் கம்பெனிகள் நன்றாக அறுவடை செய்கின்றன என்பது என் குற்றச்சாட்டு.

நூறு சி.சி. வண்டிக்கு மைலேஜ் என்பது பணக் கணக்கு. மாசம் ஐந்நூறு ரூபாய் கூடும், குறையும், அவ்வளவுதான். டூரிங் பைக்குக்கு அதுவே தூரக் கணக்கு. இந்த டேங்க் தீர்வதற்குள் அடுத்த பங்க் வருமா, வராதா? ஊர் ஊராய்ப் போவதற்கென்றே செய்த வண்டியில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2022 ஜூலையில் அதே வண்டியின் பின் ஸீட்டில் என் 84 கிலோவையும் ஏற்றிக்கொண்டு மணாலியிலிருந்து லே போனான் மச்சினன். (போகாதே என்று சொல்லவேண்டிய என் மனைவி, “தம்பி தனியா போறான், கூடப் போயிட்டு வாங்க” என்றாள். அது தனிக் கட்டுரை.) வழியில் தாண்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பெட்ரோல் பங்க். அதன் போர்டு பைக் ஓட்டிகளிடையே பிரசித்தம்: அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப் பாதை திறந்ததில் மணாலி - லே தூரத்தில் 46 கிலோமீட்டர் மிச்சம் என்றார்கள். வாஸ்தவம். ஆனால், சுரங்கம் தாண்டிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த 365-ல் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை.

எங்கள் வண்டியின் டேங்க் 19 லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டருக்கும் கீழே என்று கேட்டலாக் சொன்னது. அதாவது லிட்டருக்கு இருபது. 19-ஐ 20-ஆல் பெருக்கினால் 380. “தாராளம் மாமா” என்றான். சந்தேகத்துக்கு ஒரு அஞ்சு லிட்டர் கேன் வாங்கிக் கட்டிக்கலாமே என்றேன். “இவ்ளோ பெரிய வண்டியில பிளாஸ்டிக் கேனா?” மறுபடியும் கெளரவம்.

பாங் தாண்டி, மோரே சமவெளி தாண்டி, 17,582 அடி என்று போர்டு வைத்திருக்கிற தங்லங் லா கணவாய்க்கு ஏறும்போதே மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் டிஜிட்டல் எண் இருக்கிறதே, அது சென்னை ஆட்டோ மீட்டருக்குத் தலைகீழ். ஏற்றத்தில் 90 என்றது, அடுத்த வளைவில் 60 என்றது, அடுத்த ஐந்து நிமிஷத்தில் 40 என்றது. கடைசியில் எண்ணே காட்டாமல் கோடு போட்டது! இறக்கத்தில் கொஞ்ச தூரம் உருட்டி, மிரு என்கிற கிராமத்துக்குப் பக்கத்தில் நின்றோம். தாண்டியிலிருந்து முந்நூறு சொச்சம் கிலோமீட்டர். சாயங்கால வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிய அடுத்த நிமிஷமே பல் தந்தியடித்தது.

காப்பாற்றியது யார் தெரியுமா? பழைய புல்லட் ஒன்று. இரண்டு பக்கமும் சணல் கயிற்றில் கட்டிய சமையல் எண்ணெய் கேன்கள். அதில் பெட்ரோல். ஓட்டி வந்த பையன் ரெண்டு லிட்டர் ஊற்றிவிட்டு, காசு வேண்டாமென்று சொல்லிவிட்டு, எங்கள் வண்டியை ஆசை தீரப் பார்த்துவிட்டுப் போனான். காரு என்ற ஊர் பங்க் வரை அந்த ரெண்டு லிட்டர்தான் எங்களைக் கொண்டுசேர்த்தது.

ஊருக்குத் திரும்பியதும் கேட்டலாக்கின் எண் எங்கிருந்து வருகிறது என்று நோண்டினேன். கம்பெனி பொய் சொல்லவில்லை. பரீட்சையில் அந்த மார்க்கைத்தான் வாங்கியிருக்கிறது. பரீட்சை எப்படி என்பதில்தான் சூட்சுமம்.

நம் நாட்டில் ரொம்ப வருஷம் இருசக்கர வாகனங்களுக்கு ‘இந்தியன் டிரைவிங் சைக்கிள்’ என்ற சோதனை இருந்தது. 108 விநாடி ஓட்டம், திரும்பத் திரும்ப. உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். சராசரி 22-கூட இல்லை! தி.நகர் டிராஃபிக்குக்குப் பொருந்தும். பிறகு வந்த உலகச் சோதனை - டபிள்யூ.எம்.டி.சி. - எவ்வளவோ தேவலை. பெரிய வண்டிகளை ஒரு கட்டத்தில் 125 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டுகிறார்கள். ஆனால், கடைசிக் கணக்கில் அந்த வேகப் பகுதிக்கு 25 சதவீதம்தான் எடை. ஓட்டுவது ரோட்டில் இல்லை, உருளை மேல். 75 கிலோ ஆள் ஒருத்தர் கணக்கு. பின் ஸீட்டில் மாமா கிடையாது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி கிடையாது.

ஜப்பானில் மட்டும் வேடிக்கையான ஒரு நேர்மை இருக்கிறது. ஒரே வண்டிக்கு இரண்டு எண் போடுகிறார்கள். ஹோண்டா கோல்ட்விங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர், 1,833 சி.சி., டூரிங் பைக்குகளின் மகாராஜா. 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக இரண்டு பேர் போனால் லிட்டருக்கு சுமார் 27. உலகச் சோதனைப்படி ஒருத்தர் ஓட்டினால் சுமார் 18. டேங்க் 21 லிட்டர். முதல் எண்ணை நம்பினால் 567 கிலோமீட்டர், இரண்டாவதை நம்பினால் 378. வித்தியாசம் ஏறக்குறைய சென்னை - உளுந்தூர்பேட்டை தூரம்! இரண்டுமே அதிகாரபூர்வம். (2018-க்கு முன்னால் இதே வண்டியின் டேங்க் 25 லிட்டர். வண்டி இளைத்துவிட்டது, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது, அதனால் 21 போதும் என்றார்கள். மிச்சமானதை ஓட்டுகிறவனுக்கே விட்டு வைத்திருக்கலாம்.)

இன்னொரு சங்கதி காற்று. வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு அதே விகிதத்தில் கூடாது, வர்க்கத்தில் கூடும். 80-ல் போவதற்கும் 110-ல் போவதற்கும் வேகத்தில் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். காற்று கொடுக்கும் எதிர்ப்போ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் உயரமான கண்ணாடி, பின்னால் என் தொப்பை... நான்கு வழிச் சாலையில் இந்த வண்டியை எவனும் 60-ல் ஓட்டப்போவதில்லை. மலையில் வேறு கதை. அங்கே வேகம் குறைவு, ஆனால் நாளெல்லாம் முதல் கியரும் இரண்டாவது கியரும்தான்.

இத்தனையும் போதாதென்று 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கணக்குப் போட்டால் சுத்த பெட்ரோலைவிட ஒரு லிட்டரில் ஆறேழு சதவீதம் காணோம். எந்திரத்தைப் பொறுத்து மைலேஜில் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், பழைய பெட்ரோலில் எடுத்த மைலேஜை இன்னும் பேசிக்கொண்டிருப்பது மோசடி.

டேங்கிலும் ஒரு தகிடுதத்தம். 19 லிட்டர் என்பது கழுத்து வரை ஊற்றினால். பங்கில் ‘க்ளிக்’ என்று குழாய் நின்றதும் மூடிவிட்டால் அவ்வளவு இருக்காது. அடியில் கடைசி சொட்டு வரை பம்ப் உறிஞ்சவும் உறிஞ்சாது. அப்படி வறள விட்டால் பம்ப்புக்கே கெடுதல். பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

பைக் விமர்சனம் எழுதுகிறவர்களையும் சும்மா விட முடியாது. கம்பெனி ஏற்பாடு செய்த மலை ரிசார்ட்டில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு ரெண்டு பாரா எழுதுகிறார்கள். ஒரு முழு டேங்க்கை, பின்னால் ஆளும் பெட்டியும் வைத்துக் காலி செய்து பார்த்து எழுதுவதற்கு என்ன கேடு? ஓட்டுகிறவர்களோ அதற்கு மேல். “எனக்கு இருபத்தெட்டு குடுத்துச்சு” என்பார்கள். இறக்கத்தில் எடுத்த எண்ணாக இருக்கும். போகும்போது லிட்டருக்கு 30, வரும்போது 15 என்றால் சராசரி இருபத்திரண்டரை இல்லை ஸார், 20. காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது ரொம்பப் பெரிய விஷயமில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கார்களுக்கு நகரத்தில் இவ்வளவு, சீரான 90-ல் இவ்வளவு, சீரான 120-ல் இவ்வளவு என்று மூன்று எண் வெளியிட்டார்கள். டூரிங் பைக்குக்கும் அப்படிப் போடட்டும். 80-ல் எவ்வளவு, 110-ல் எவ்வளவு, இரண்டு பேரும் பெட்டியும் ஏற்றினால் எவ்வளவு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் என்பதையும், குதிரை சக்தி போடுகிற அதே சைஸ் எழுத்தில். பெரிய டேங்க் வேண்டுமானால் அதற்கும் வழி இல்லாமலில்லை. பி.எம்.டபிள்யூ. 1300 ஜி.எஸ்.ஸில் 19 லிட்டர், அதன் அண்ணன் ‘அட்வென்ச்சர்’ மாடலில் 30. என்ன, அண்ணனுக்கு விலையும் எடையும் அதிகம். எது தனக்குப் போதும் என்று முடிவுசெய்ய வாங்குகிறவனிடம் நிஜமான எண் இருக்க வேண்டாமா?

போன மாதம் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். வண்டியின் பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்டாண்டு. அதில் சிவப்பாக, பளபளவென்று, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்ரோல் கேன் இரண்டு.

“எவ்ளோடா ஆச்சு?” என்றேன்.

“அதையெல்லாம் கேக்காதீங்க மாமா!”