ஆச்சி எழுந்து நடந்தாரா?

வயதானவர்களுக்கு நிமோனியா என்றாலோ சிறுநீரில் கிருமித் தொற்று என்றாலோ காய்ச்சல் அடித்தே தீரும் என்பதில்லை. சில நேரம் குழப்பம்தான் முதலில் வரும். "ஆச்சி நேத்துலேருந்து ஆள் தெரியாம பேசுதாவ" என்று கூட வந்தவர் சொல்வதை, வயசானால் அப்படித்தான் என்று தள்ளிவிட்டால் நோயே கைநழுவிப் போகும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் என ஆற்றங்கரை ஊர்களிலிருந்தெல்லாம் முதியவர்கள் வருகிறார்கள். அங்கே மட்டுமல்ல, மாவட்டத்தின் தனியார் ஆஸ்பத்திரிகள் உட்பட எங்கு சேர்ந்தாலும், அவர்களிடம் நோயோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: போன வாரம் வரை இவர் என்னென்ன தானாகச் செய்துகொண்டிருந்தார்?

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையை விட்டு எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இந்த ஆறையும் வைத்து அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லும் சோதனையும் உண்டு. அதற்கு வேண்டியது ஒரு கடிகாரமும் ஒரு நாற்காலியும்தான். மறதி, மனச்சோர்வு, பார்வை, காது, தின்னும் மாத்திரைகள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முழு மதிப்பீடு கிடைத்துவிடும். முக்கூடலில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிய மூதாட்டிக்கு, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்பதையும் கேட்பதுதான் நியாயம்.

படுக்கை சும்மா இருப்பதில்லை. ஆரோக்கியமான முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களின் தசை கிட்டத்தட்ட ஒரு கிலோ கரைந்திருந்தது. நோயாளிக்கு என்ன ஆகும்?

இதற்கு மருந்து பழையது. 1935இல் லண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், படுத்த படுக்கையாகக் கைவிடப்பட்டிருந்த நூற்றுக்கணக்கானோரை டாக்டர் மார்ஜரி வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். பலரை எழுப்பி நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினார். நம் ஊரிலும் பேராசிரியர் வி.எஸ். நடராஜன் 1978இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்தைத் தொடங்கிவிட்டார். 9 நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, மேலே சொன்ன முழு மதிப்பீடு கிடைத்தவர்கள் மாதங்கள் கழித்தும் சொந்த வீட்டில் வாழும் வாய்ப்பு அதிகம் என்கிறது.

ஆட்கள் போதவில்லை என்பார்கள். உண்மைதான், வார்டில் ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்ப்பார்! ஆனால் அந்த ஆறு கேள்விகளைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சேரும் நாளிலும் போகும் நாளிலும் கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதட்டும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வீடுகளுக்கே போய்வருகிறார்கள். பிசியோதெரபியும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. யாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சீட்டு அவர்களுக்குச் சொல்லட்டும்.