மாடு சொன்னதைக் கொக்கி சொல்லாது

போடி மலையடிவாரத்துல டிராக்டர் டிரெய்லர் வச்சிருக்கிறவங்க, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல ஆள் அனுப்புறவங்க, அதுல ஏறிப் போறவங்க எல்லாருக்குமான இழை இது. நீளம்தான். கணக்கும் வரும். பொறுமையா வாசிங்க.

ஒரு டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. வண்டி கவிழ்ந்தா கடைசியில வந்து சேர்ற இடம் எங்க கட்டில்தானே? தண்டுவடம் அறுந்து போச்சுன்னா போடி ஆஸ்பத்திரி இல்ல, க.விலக்கு மெடிக்கல் காலேஜ் இல்ல, மதுரைக்கே கொண்டு போனாலும் ஒட்டவைக்க முடியாது. அதனால கவிழ்றதுக்கு முன்னாடியே பேசிடலாம்.

விபத்து நடந்ததும் ரெண்டே காரணம்தான் சொல்றோம். "ஓவர் ஸ்பீடு." இல்லேன்னா "ஓவர் லோடு." ரெண்டும் பல நேரம் உண்மைதான். ஆனா மூணாவது ஒரு கேள்வி இருக்கு, அதை யாரும் கேக்கிறதே இல்ல. பாரம் எங்க இருந்துச்சு?

நம்ம தாத்தாமாருக்கு இந்தக் கேள்வி தெரியும். மாட்டு வண்டியில மூட்டை அடுக்கினதும் முன்பாரமா, பின்பாரமான்னு பார்ப்பாங்க. முன்பாரம் ஜாஸ்தியானா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரமானா நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு நகராது. உடனே "முன்னாடி தள்ளி உக்காருப்பா"ன்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், சரியாயிடும்.

டிராக்டர் வந்ததும் மாடு போச்சு, கூடவே அந்தச் சத்தமும் போச்சு. இரும்புக் கொக்கிக்குக் கழுத்து வலிக்காது பாருங்க.

அமெரிக்காவுல காருக்குப் பின்னால வீடு மாதிரி டிரெய்லரை இழுத்துக்கிட்டு ஊர் சுத்துறாங்களே, அவங்களுக்கு ஒரு பொது விதி உண்டு: டிரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல உக்காரணும். குறைஞ்சா வண்டி பாம்பு மாதிரி நெளியும். கூடிப்போனா இழுக்கிற வண்டியோட முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சு கேக்காது. டிராக்டர் இன்னும் கொஞ்சம் கூடவே தாங்கும், அதோட உச்ச வரம்பு கையேட்டுலயே இருக்கும். தத்துவம் ஒண்ணுதான், நம்ம முன்பாரம்தான்.

இப்ப கணக்கு. ரெண்டு சக்கர டிரெய்லர், சரக்கோட 2,000 கிலோ. கொக்கியில 200 கிலோ இருக்கு, அதாவது 10 சதவீதம். கொக்கியிலிருந்து அச்சு 3 மீட்டர். வேலை முடிஞ்சு வர்ற 4 பேர் பின்பலகையில காலைத் தொங்கப்போட்டு உக்கார்றாங்க. ஆளுக்கு 60 கிலோன்னா 240 கிலோ. அச்சுக்குப் பின்னால ஒன்றரை மீட்டர். 240-ஐ ஒன்றரையால பெருக்கி 3-ஆல வகுத்தா 120. கொக்கியிலிருந்து 120 கிலோ காலி, மிச்சம் 80.

குரங்கணிப் பக்கம் தோப்புக்கு ஏறுற சரிவுன்னு வைங்க. பத்தடிக்கு ஓரடி ஏத்தம். சரக்கோட மையம் கொக்கியைவிட ஒரு மீட்டர் உயரத்துல இருந்தா, அந்த ஏத்தத்துலயே பாரம் பின்னால சாஞ்சு இன்னும் 65 கிலோ போல போயிடும். 80 போய் 15 ஆச்சு. ஒரு குழியில ஏறி இறங்கினா அதுவும் இல்ல. கொக்கி டிராக்டரோட பின்பக்கத்தை மேல தூக்கப் பார்க்கும். நம்ம ஊர் டிராக்டர்ல பெரும்பாலும் பிரேக் பின்சக்கரத்துல மட்டும்தான். அந்தச் சக்கரம் தரையை இறுக்கிப் பிடிக்கலேன்னா, பிரேக்கை மிதிச்சு என்ன, மிதிக்காம என்ன?

கவனிச்சீங்களா? இதுல எடை அதிகமாச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. 2,000 கிலோவுல கூடினது வெறும் நாலு ஆள்.

ஜீப்புலயும் இதே கதைதான். பின் அச்சுக்குப் பின்னால 6 பேர், பாதிப்பேர் படியில தொத்திக்கிட்டு. 360 கிலோ, சராசரியா முக்கால் மீட்டர் பின்னால. ரெண்டு அச்சுக்கும் இடைவெளி ரெண்டரை மீட்டர்னா முன்சக்கரத்துலயிருந்து 108 கிலோ கழியும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. வளைவுல வண்டியைத் திருப்புறது அந்த முன்சக்கரம்தான்.

2023 ஆகஸ்ட் 25, வயநாட்டுல தலப்புழா பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏத்திப் போன ஜீப் பள்ளத்துல விழுந்து 9 பெண்கள் இறந்தாங்க. அதுக்குக் காரணம் பின்பாரம்னு நான் சொல்லல. ஒரு ஜீப் விழுந்தா எத்தனை வீட்டுல விளக்கு அணையும்னு காட்டத்தான் சொல்றேன்.

சட்டம் என்ன செய்யுது? 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல சரக்கு அதிகமா ஏத்தினா 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. ஆள் அதிகமா ஏத்தினா? கூடுதல் தலைக்கு 200 ரூபாய்! மூட்டைக்கு இருக்கிற மதிப்பைப் பாருங்க. பாரம் எங்க இருக்குன்னு கேக்கிற வழக்கம் சோதனையில எனக்குத் தெரிஞ்சு இல்ல, தலையை எண்ணுவாங்க, அவ்வளவுதான். டிரெய்லர்ல ஆள் ஏத்தவே அனுமதி கிடையாதுங்கிறதும் எல்லாருக்கும் தெரியும், சாயங்காலமானா எல்லாருக்கும் மறந்துபோகும்.

"எங்க டிரைவர் இருபது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறாப்ல"ன்னு ஒரு பதில் வரும். அனுபவம் வளைவு எங்க இருக்குன்னு சொல்லும். கொக்கியில எத்தனை கிலோ இருக்குன்னு சொல்லாது. கையில தொட்டுப் பார்த்து ரத்த அழுத்தம் இவ்வளவுன்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?

அளக்கிறது சுலபம். எடைமேடைக்குப் போங்க. டிரெய்லரைக் கழட்டி முட்டுக்கொடுத்து மொத்தமா ஒரு எடை. திரும்ப மாட்டி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடை மேல நிக்கிற மாதிரி இன்னொரு எடை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி எடை.

எடைமேடை தூரமா? வீட்டுல நிக்கிற தராசு போதும். சமதரையில சக்கரத்துக்குக் கல் வைங்க. ஒரு கனமான பலகை, ஒரு முனை செங்கல் மேல, மறுமுனை தராசு மேல, ரெண்டும் ஒரே உயரத்துல. கொக்கியைப் பலகையில செங்கல் பக்கத்திலிருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல தாங்க வைங்க. தராசு காட்டுறதை மூணால பெருக்குங்க. கைகால் அடியில போகாம பார்த்துக்குங்க.

எரு மூட்டைக்கு ஒரு தடவை, இலவம்பஞ்சுக்கு ஒரு தடவை, மாங்காய்க் கூடைக்கு ஒரு தடவை அளந்து, எதை எங்க அடுக்கினா சரியா வருதுன்னு பார்த்து டிரெய்லர் பலகையிலயே பெயிண்ட்டுல கோடு போட்டு வைங்க. ஆளுங்களுக்குக் கோடு வேண்டாம், அவங்களை டிரெய்லர்லயே ஏத்தாதீங்க. ஜீப்புல சீட்டுக்கு மேல ஒருத்தர்கூட வேண்டாம், முக்கியமா படியில.

எடைமேடைச் சீட்டு கையில இருந்தா, ரெண்டு எடையையும் கொக்கியிலிருந்து அச்சு எவ்வளவு தூரம்னும் கீழே போடுங்க. ராத்திரி ஓபி முடிஞ்சதும் கணக்குப் போட்டுச் சொல்றேன்.