45 நொடிகளில் அடங்காத நன்றி

திரைப்பட விருது விழாக்களை நான் முழுமையாக அமர்ந்து பார்ப்பவனல்லன். பணிக்குப் புறப்படும் அவசரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்ப்பதே வழக்கம். ஆயினும், 2023 மார்ச் 13 அன்று காலை நம் நாட்டில் ஒளிபரப்பான 95ஆவது ஆஸ்கர் விழாவைப் பற்றி, நோயாளிகளோடும் அவர்தம் குடும்பத்தினரோடும் பகிர்ந்துகொள்ள எனக்கு ஒரு கருத்து உண்டு.

அன்று ‘நாட்டு நாட்டு’ பாடல் விருது பெற்றதை நாடே கொண்டாடியது. அதே மேடையில், நம் நீலகிரி மாவட்டத்து முதுமலையில் உருவான ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ சிறந்த ஆவணக் குறும்படமாகத் தேர்வாயிற்று. மின்சாரம் தாக்கித் தாயை இழந்த ரகு என்னும் யானைக்கன்றையும், அதனைப் பேணி வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரையும் பற்றிய படம் அது. பலர் அதனை யானைகளைப் பற்றிய படம் என்பர். மருத்துவன் என்ற முறையில், அதனைப் பராமரிப்பவர்களைப் பற்றிய படமாகவே நான் காண்கிறேன். பால் புகட்டுவதும், நீராட்டுவதும், அருகிருந்து கவனிப்பதுமே அதன் கதை.

இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் மேடையில் பொம்மனுக்கும் பெள்ளிக்கும் நன்றி கூறினார். அடுத்துத் தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச முற்பட்டபோது, பின்னணி இசை எழுந்து அவர் பேச்சைத் தடுத்துவிட்டது. நன்றியுரைக்கு 45 நொடிகள் என்பது அவ்விழாவின் விதி. ஒளிபரப்பு நேரம் விலைமதிப்புடையது என்பதை அறிவேன். எனினும், மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் விழாவில் இன்னும் அரை நிமிடம் ஒதுக்கியிருந்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

அதனினும் சிறந்த பாராட்டு சில நாள்களில் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. அவ்விருவருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் வழங்கிய மாநில அரசு, தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய இரு யானை முகாம்களிலும் பணியாற்றும் 91 பேருக்கும் அவ்வாறே தலா 1 லட்சம் ரூபாயும், வீடுகள் கட்ட 9.10 கோடி ரூபாயும் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பாகனுக்கு உதவியாளரான ‘காவடி’ பணியில் பெள்ளி நியமிக்கப்பட்டார். அப்பணியில் அமர்ந்த முதல் பெண் அவரே. கேமராவில் பதியாதவர்களின் உழைப்பையும் கணக்கில் கொண்டதே அச்செயலின் சிறப்பு.

மருத்துவமனையிலும் ஒரு மேடை உண்டு. நோயாளி வீடு திரும்பும் நாளில் நன்றியும் இனிப்பும் மருத்துவர்களாகிய எங்களைத் தேடி வருகின்றன. பம்மலிலும் பொழிச்சலூரிலும் அனகாபுத்தூரிலும் உள்ள வீடுகளில், படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் மனைவிக்கோ மகனுக்கோ மருமகளுக்கோ அந்த நன்றி சென்று சேர்வதில்லை. நாங்கள் எழுதித் தரும் மருந்தை வேளை தவறாமல் கொடுத்துப் பலனாக மாற்றுபவர்கள் அவர்களே.

ஆகவே, நோயாளிகளே, உங்களைப் பார்த்துக்கொள்பவரிடம் உங்கள் நன்றியை இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்பத்தினரே, இரவுக் கண்விழிப்பை ஒருவர் தலையிலேயே சுமத்தாதீர்கள்; முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். பராமரிப்பவர்களே, பிறருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை மறவாதீர்கள். தூக்கமின்மையோ மனச்சோர்வோ இருப்பின், அடுத்த முறை வரும்போது உங்களுக்கும் சேர்த்தே சீட்டு வாங்குங்கள். அதனைத் தன்னலம் என்று கருத வேண்டாம்.

வளர்ந்த ரகுவை வேறொரு பாகனின் பொறுப்பில் ஒப்படைக்க நேர்ந்தபோது அவ்விருவரும் கலங்கினர். பராமரிப்பு எப்போதும் நாம் விரும்பும் முடிவையே தருவதில்லை. சில வேளைகளில் பிரிவிலும் முடிகிறது. அதனால் அதுவரை ஆற்றிய பணி வீணாகிவிடாது. ஒவ்வொரு நாளும் வலியின்றி, பசியின்றி, தனிமையின்றிக் கழிந்ததே அதன் பயன்.